கேட்டுக் கட்டிய வீடுகள்: மினெட் டி சில்வாவின் கண்டியில் சில நாள்கள்

26 ஒக்டோபர் 2024, சனிக்கிழமை – கண்டி

தீபாவளிக்கு ஊருக்குப் போகும் வழியில் நான்கு நாள் கண்டியில் தங்கலாம் என்று நான் சொன்னபோது, "அங்க நமக்கு யாரு இருக்கா?" என்றுதான் அப்பா கேட்டார். மினெட் டி சில்வா என்று ஒரு கட்டடக் கலைஞர் இருந்தார், 1998இல் காலமாகிவிட்டார், அவர் கட்டியவற்றைப் பார்க்கப் போகிறோம் என்றேன். "செத்தவங்க வீட்டுக்கு விருந்தாளியாப் போறோம்னு சொல்லு" என்றார். ஆனால் கட்டடம் என்று சொன்ன பிறகு அவரால் மறுக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். ஹட்டனுக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தில் முப்பத்துநான்கு ஆண்டுகள் மேசனாக இருந்தவர். கொழும்பில் என்னோடு ஒரு மாதம் தங்கிக் கண்புரையை அகற்றிக்கொண்டு, இப்போது கறுப்புக் கண்ணாடியோடு வீடு திரும்புகிறார். நான் கொழும்பில் ஓர் அலுவலகத்தில் படவரைஞராக இருக்கிறேன். பிறர் வடிவமைக்கும் வீடுகளுக்குக் கோடு இழுப்பது என் பிழைப்பு.

நாங்கள் பதிவு செய்திருந்த தங்குமிடம் "குளத்திலிருந்து ஐந்து நிமிட நடை" என்று சொல்லப்பட்டிருந்தது. அந்த ஐந்து நிமிடமும் செங்குத்தாக மேல்நோக்கியே போகும் என்பதை யாரும் சொல்லியிருக்கவில்லை. கொட்டும் மழையில், படி எண்ணிக்கொண்டே ஏறிய அப்பா, நூற்றுப் பன்னிரண்டாவது படியில் எண்ணுவதை நிறுத்திவிட்டார். வீட்டுக்காரரின் மகன் குடையோடு ஓடிவந்து பையை வாங்கிக்கொண்டான். காசு கொடுத்தபோது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சிரித்தான். இஞ்சி போட்ட தேத்தண்ணியும் வந்தது. நாள் ஒன்றுக்கு 4,500 ரூபாவுக்கு அறை குறை சொல்ல முடியாததுதான். ஆனால் அப்பா யன்னலைத் திறந்து பின்பக்கத் தடுப்புச் சுவரைப் பார்த்துவிட்டு, "தண்ணி போக ஓட்டை விடல. இன்னும் ரெண்டு மழைக்கு வயிறு தள்ளிரும்" என்று தீர்ப்பு எழுதிவிட்டுப் படுத்தார்.

மாலையில் மழை விட்டதும் குளத்தைச் சுற்றி நடந்தோம். கண்டியின் கடைசி மன்னன், நாயக்கர் வம்சத்து ஸ்ரீவிக்கிரம ராஜசிங்கன், 1807இல் வயலை மறித்து இந்தக் குளத்தைக் கட்டுவித்தான். அதை வடிவமைத்த சிற்பி தேவேந்திர மூலாச்சாரி. கரையோரத்து அலை வடிவச் சுவரைச் சிங்களத்தில் முகில் மதில் என்ற பொருளில் "வலாகுளு பெம்ம" என்பார்கள். அது முற்றுப்பெறுவதற்குள் ஆட்சி போய்விட்டது. அப்பா அந்தச் சுவரின் முக்கோணக் குழிகளில் ஒன்றுக்குள் கைவிட்டு, காறையின் கனத்தை விரலால் அளந்தார். பக்கத்தில் நின்ற பொலிஸ்காரர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், ஒன்றும் சொல்லவில்லை.

மினெட் கட்டியவற்றில் முதலில் பார்த்தது, அவர் கடைசிக் காலத்தில் செய்ததை: குளக்கரையில், தலதா மாளிகைக்குச் சற்று அப்பால் இருக்கும் கண்டிக் கலை மையம். 1882இல் தொடங்கிய கண்டிய கலைச் சங்கத்தின் பழைய கட்டடத்தை இடிக்காமல், அதை நடுவே வைத்துக்கொண்டு 1982க்கும் 1984க்கும் இடையில் இதைக் கட்டியிருக்கிறார். வெளியிலிருந்து பார்த்தால் பெரிய கட்டடம் ஒன்று நிற்பதாகவே தோன்றாது. சரிவில் இறங்கி இறங்கிப் போகும் ஓட்டுக்கூரைகள், அவற்றுக்கிடையில் முற்றங்கள், படிகள். கண்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்று மெதுவாகக் குளத்துக்கு இறங்கி வந்து நின்றுவிட்டதைப் போல இருக்கிறது. அங்கே மாலைதோறும் கண்டிய நடனம் நடக்கிறது. சுற்றுலாப் பேருந்துகளில் வந்தவர்கள் முன் வரிசைகளை நிரப்பிவிட்டதால் எங்களுக்குத் தூணுக்குப் பின்னால்தான் இடம் கிடைத்தது. மேளச் சத்தத்துக்கு நடுவிலும் அப்பா தூங்கிவிட்டார். தீ மிதிப்பின்போது எழுப்பினேன். "இத நம்ம மாரியம்மன் கோயில்ல காசில்லாமப் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் கூரையின் கைமரங்களை எண்ணத் தொடங்கினார்.

இந்த இடத்தைக் கட்டியவர் யார் என்று நுழைவாயிலில் இருந்த இளைஞனிடம் கேட்டேன். அரசாங்கம் என்றான்.

27 ஒக்டோபர், ஞாயிற்றுக்கிழமை – கண்டி

காலையில் முட்டை அப்பம், கட்டாச் சம்பல். இரண்டு பேருக்கு 620 ரூபா. கொழும்பில் இதே காசுக்கு அப்பத்தின் ஓரம்தான் கிடைக்கும்.

இன்று தேடிப் போனது கருணாரத்ன இல்லத்தை. 1949இல் தொடங்கி 1951இல் முடிந்தது. மினெட்டின் முதல் வீடு. தொடங்கியபோது அவருக்கு வயது முப்பத்தொன்று. அதற்கு முந்திய ஆண்டுதான் பிரித்தானியக் கட்டடக் கலைஞர்களின் அரச நிறுவகத்தில் இணை உறுப்பினராகத் தெரிவான முதல் ஆசியப் பெண் என்ற பெயரைப் பெற்றிருந்தார். அதுவரை அவர் வந்த வழி நேரானதல்ல. பம்பாயில் படித்துக்கொண்டிருந்தபோது காந்திக்கு ஆதரவான ஊர்வலத்துக்குப் போய், மன்னிப்புக் கேட்க மறுத்ததால் கல்லூரியிலிருந்து வெளியேற்றப்பட்டார். பிறகு இந்தியாவில் ஒட்டோ கோனிக்ஸ்பேர்கர் என்ற ஜெர்மனியக் கட்டடக் கலைஞரிடம் வேலை பழகி, போர் முடிந்ததும் இலண்டன் போய்ப் படிப்பை முடித்தார். நவீனக் கட்டடக் கலையின் முன்னோடி லெ கொர்பூசியேயின் நண்பர். இத்தனைக்கும் பிறகு பெரிய நகரம் எதிலும் தங்கிவிடாமல் கண்டிக்குத் திரும்பி, தன் பெற்றோர் வீட்டில் அலுவலகம் வைத்தார்.

முச்சக்கரவண்டிக்காரர் வீடு தெரியும் என்று உறுதியாகச் சொல்லி, 600 ரூபா பேசி, யாரோ ஒருவரின் மாளிகை வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். மதில் முழுக்க நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தலுக்கான சுவரொட்டிகள் ஒட்டியிருந்தன. நாய் குரைத்தது. நாங்கள் வழி தெரியாமல் நிற்பதைப் பார்த்து, எதிர் வீட்டுப் பெரியவர் ஒருவர் சாரத்தை மடித்துக் கட்டியபடி வெளியே வந்தார். நான் என் அரைகுறைச் சிங்களத்தில் விடயத்தைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. "மினெட் நோனாவா?" என்றார்; நோனா என்றால் அம்மணி. சிறுவனாக இருந்தபோது பார்த்திருக்கிறாராம். எப்போதும் சேலை, தலையில் பூ. அந்தக் காலத்தில் கட்டட வேலை நடக்கும் இடத்துக்குப் பெண் ஒருவர் சேலையோடு வந்து, ஆண்களிடம் சுவரை இடித்துவிட்டுத் திரும்பக் கட்டச் சொன்னது ஊருக்கே பேச்சாக இருந்ததாம். வண்டிக்காரரிடம் வழியை விளக்கியதோடு நில்லாமல், தானும் முன் இருக்கையின் ஓரத்தில் தொற்றி ஏறிக்கொண்டார். இறக்கிவிட்டபோது வண்டிக்காரர் 600க்கு மேல் கேட்கவில்லை; பெரியவர் கண்ணெதிரே கேட்கவும் முடிந்திராது.

அது தனியார் வீடு, நாங்கள் படலையைத் தட்டவில்லை. தெருவில் நின்று மரங்களுக்கு ஊடாகத் தெரிந்தவரை பார்த்தோம். எனக்கு அதன் வரைபடங்கள் பழக்கம். ஆகையால் அப்பாவுக்கு நான் வரைபடத்தைச் சொன்னேன், அவர் எனக்கு நிலத்தைச் சொன்னார். சரிவை வெட்டி மட்டமாக்காமல், சரிவு போகும்படியே தளங்களை மேலும் கீழுமாகப் பிரித்து அமைத்த வீடு அது. கொங்கிரீட்டையும் கண்ணாடியையும் பயன்படுத்திய அதே வீட்டில், கண்டிக்கு அருகே தும்பறையில் நெய்யும் பாய்களின் நெசவைக் கதவுப் பலகைகளில் பதித்தார். அரக்கு வேலைக்காரரையும் ஓடு சுடும் குயவரையும் கூப்பிட்டார். வரவேற்பறைச் சுவரில் ஓவியர் ஜோர்ஜ் கீற் வரைந்தார். கண்டியின் கைவினை அழிந்துகொண்டிருப்பதை 1908இலேயே நூலாக எழுதி எச்சரித்தவர் ஆனந்த குமாரசுவாமி, நம் சேர் முத்துக்குமாரசுவாமியின் மகன். அவர் எழுத்தில் சொன்னதை மினெட் சம்பளப் பட்டியலில் சேர்த்தார் என்பது என் எண்ணம். கைவினைஞருக்கு அருங்காட்சியகத்தில் இடம் கேட்காமல், கட்டட வேலையில் நாட்கூலி கொடுத்தார்.

"மண்ண வெட்டாமக் கட்டுனா கான் வெட்டுறது லேசு. தண்ணி அது போற வழியிலயே போகும்" என்றார் அப்பா. மலையில் கட்டிய வீட்டைப் பற்றி நான் படித்த எல்லாக் கட்டுரைகளிலும் இது ஒரு பந்தியாவது எடுத்துக்கொள்ளும்.

பெரியவரோடு சந்திக் கடையில் பிளேன் டீ குடித்தோம். அவர் எங்களைக் காசு கொடுக்க விடவில்லை. அங்கேதான் அப்பாவுக்கு மினெட்டின் தாயைப் பற்றிச் சொன்னேன். அக்னஸ் டி சில்வா, பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு, பிரித்தானிய அரசு அனுப்பிய டொனமூர் ஆணைக்குழுவின் முன் சாட்சியம் சொன்னவர்களில் ஒருவர். தோட்டங்களில் கூலி வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டும் என்கிறீர்களா என்று ஆணைக்குழுவில் கேட்டபோது, நிச்சயமாக, அவர்களும் பெண்கள்தானே என்ற கருத்தில் பதில் சொன்னார். 1931இல் வாக்குரிமை வந்தது. 1948இன் குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு நம் மலையகத் தமிழர்களில் பெரும்பாலோரிடமிருந்து அது போய்விட்டது, அது வேறு கதை. அப்பா சற்று நேரம் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க அப்பாயி ஒரு தடவ ஓட்டுப் போட்டேன்னு சொல்லும். நாங்க நம்பல. கெழவி கதை விடுதுன்னு சிரிப்போம்" என்றார்.

அறைக்குத் திரும்பும்போது மறுபடி மழை. அந்த நூற்றுச் சொச்சம் படிகள்.

28 ஒக்டோபர், திங்கட்கிழமை – வட்டப்புளுவ

இந்தப் பயணத்தில் நான் உண்மையில் பார்க்க விரும்பியது இந்த இடத்தைத்தான். கண்டி நகரத்துக்கு வடக்கே, மகாவலி வளைந்து போகும் பக்கமாக, 1950களின் பிற்பகுதியில் அரசாங்க ஊழியர்களுக்காக உருவான வீட்டுத் திட்டம். இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள். எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை அல்ல. மினெட் வரைபடத்தைத் தொடங்கும் முன் குடியேறப் போகிறவர்களிடம் கேள்விப் பட்டியல் ஒன்றைக் கொடுத்தார். குடும்பத்தில் எத்தனை பேர், வருமானம் என்ன, எப்படி வாழ்கிறீர்கள், என்ன வேண்டும் என்று கேட்டார். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர் என்று எல்லாச் சமூகத்தவரும் அதில் இருந்தார்கள். கிடைத்த பதில்களிலிருந்து சில அடிப்படை வகைகளை வரைந்து, அவற்றைக் குடும்பத்துக்குக் குடும்பம் மாற்றிக்கொடுத்தார். நிலத்தின் ஏற்ற இறக்கத்தையும் மரங்களையும் முடிந்தவரை விட்டுவைத்தார்.

இதைத் தொழிற்பயிற்சி வகுப்பில் ஒற்றை வரியாகப் படித்திருக்கிறேன். ஒற்றை வரியாகப் படித்தால் இது பெரிய விடயமாகத் தெரியாது.

இன்று அங்கே போய்ப் பார்த்தால், புத்தகப் படத்தைத் தேடி வருகிறவர் ஏமாந்துதான் போவார். பல வீடுகளின் மேல் இன்னொரு மாடி ஏறியிருக்கிறது. ஓடு போய்த் தகடு வந்திருக்கிறது. முன்முற்றங்கள் வாகனத் தரிப்பிடங்களாகிவிட்டன. மதில்கள் ஆளுயரம் எழும்பி நிற்கின்றன. கட்டடக் கலையில் ஆர்வமுள்ளவர்கள் இதைக் கண்டு பெருமூச்சு விடுவது வழக்கம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கேட்டுக் கட்டிய வீட்டில் குடியிருந்தவர், பிள்ளை பெரியவனானதும் யாரையும் கேட்காமல் ஓர் அறையைக் கூட்டிக்கொண்டார், அவ்வளவுதான். பாதை இன்னும் மலையின் வளைவோடுதான் போகிறது, பெரிய மரங்கள் சில நிற்கின்றன, ஒரு வீட்டின் இஸ்தோப்பு, அதாவது முன் விறாந்தை, அடுத்த வீட்டின் சமையலறையைப் பார்க்காதபடி வீடுகள் சற்றே திரும்பி நிற்கின்றன. மாடி ஏறினாலும் இதையெல்லாம் அழிக்க முடியவில்லை.

ஒரு வீட்டின் வாசலில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த அம்மையார், நாங்கள் சுவர்களை வெறித்துப் பார்ப்பதைக் கண்டு, வீடு வாங்க வந்திருக்கிறோமா என்று கேட்டார். ஓய்வுபெற்ற ஆசிரியை. நான் சிங்களத்தில் தடுமாறுவதைப் பார்த்துத் தமிழுக்கு மாறினார். பக்கத்து வீட்டுத் தமிழ்ப் பிள்ளைகளோடு வளர்ந்ததால் வந்த தமிழாம். "உள்ளே வாங்க ஐயா, வெயிலுக்கு நிக்க வேணாம்" என்று அப்பாவைத்தான் முதலில் அழைத்தார். கொழும்பில் வீட்டுக்குள் விடும்முன் பெயரைக் கேட்பார்கள். இங்கே தேத்தண்ணியும் கித்துள் கருப்பட்டித் துண்டும் வந்த பிறகுதான் ஊரைக் கேட்டார்.

அவருடைய தந்தை கச்சேரியில், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில், எழுதுவினைஞராக இருந்தவர். இந்த வீட்டுக்கு முதலில் வந்தவர். கேள்விப் பட்டியல் வந்த நாளை அவர் கடைசி வரை சொல்லிச் சிரிப்பாராம். சாப்பிடும்போது எல்லாரும் ஒன்றாக உட்காருவீர்களா, விருந்தாளி வந்தால் எங்கே படுப்பார்கள் என்று ஒரு பெண் எழுத்தில் கேட்டதும், இது வரி போடுவதற்கான தந்திரம் என்று பயந்து முதலில் பாதியைப் பொய்யாக எழுதிவிட்டு, பிறகு மனைவி திட்டியதால் திருத்தி எழுதினாராம். "அம்மா மாத்தி எழுதச் சொன்ன இடந்தான் இது" என்று சமையலறைக்கும் பின்முற்றத்துக்கும் இடையில் இருந்த கூரை போட்ட சிறு திண்ணையைக் காட்டினார். தேங்காய் துருவவும் அரிசி புடைக்கவும் உட்காரும் இடம். வீட்டில் எத்தனையோ மாறியிருந்தாலும் அந்தத் திண்ணையை இடிக்க யாருக்கும் மனம் வரவில்லையாம். பழைய சீமெந்துத் தரை, நடுவில் மட்டும் பளபளப்பாகத் தேய்ந்திருந்தது.

அப்பா அதைக் குனிந்து தொட்டுப் பார்த்தார். "யாரு கேட்டாங்க? பெரிய துரைமாரா?" என்றார்.

"இல்ல ஐயா, வீட்ட வரைஞ்ச நோனாவே."

பிறகு அப்பா அதிகம் பேசவில்லை. மதியம் முஸ்லிம் கடையொன்றில் சோறு சாப்பிட்டோம். மாட்டிறைச்சிக் கறி காரம் கூடுதல், சாப்பாடு 500 ரூபா, பருப்பு கேட்டபோதெல்லாம் வந்தது. சாப்பாட்டுக்குப் பிறகுதான் அப்பா, நான் ஒருபோதும் கேட்டிராத ஒன்றைச் சொன்னார். தோட்டத்தில் ஒரு வரிசைக் கழிப்பறை கட்டச் சொல்லிப் படம் வந்ததாம். படத்தில் கதவுகள் எல்லாம் ரோட்டைப் பார்த்தபடி இருந்தன. தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் பெண்கள் வந்து, "அண்ணே, ரோட்டப் பாத்து வச்சா நாங்க எப்பிடிப் போறது?" என்று கேட்டார்கள். துரையிடம் சொன்னதற்கு, படம் படந்தான் என்று பதில் வந்தது. அப்பா ஒன்றும் பேசாமல், மறுநாள் அத்திவாரத்தை அப்படியே திருப்பிப் போட்டு, கதவுகள் தேயிலையைப் பார்க்கும்படி கட்டிவிட்டார். விசாரித்தபோது படத்தைத் தலைகீழாகப் பிடித்துவிட்டேன் என்று சொன்னாராம். அந்தக் கிழமை முழுக்க அரைப்பேர், அதாவது அரைநாள் கூலிதான், போட்டார்கள்.

"படிக்கத் தெரியாதவன்னு நெனச்சிட்டாங்க. அதுவும் நல்லதுதான்" என்றார்.

நான் ஒன்பது ஆண்டுகளாகப் படம் வரைகிறேன். ரோட்டைப் பார்த்த கதவுகளை நானும் வரைந்திருக்கக்கூடும் என்று இரவு படுத்த பிறகு தோன்றியது.

29 ஒக்டோபர், செவ்வாய்க்கிழமை – கடலாதெனிய

இது மினெட்டின் வேலையல்ல, அவர் எங்கிருந்து எடுத்தார் என்று பார்ப்பதற்காகப் போனது. பேராதனைக்கு அப்பால், பாறை மேல் நிற்கும் கடலாதெனிய விகாரை, 1344இல் கட்டியது. கட்டியவர் கணேஸ்வராச்சாரி என்ற தென்னிந்தியச் சிற்பி என்று அங்குள்ள கல்வெட்டே சொல்கிறது. பௌத்த விகாரை, ஆனால் வாசல் தூண்களைப் பார்த்தால் நம் கோயில் மண்டபத்துக்குள் நுழைவதைப் போலத்தான் இருக்கிறது. அருகில் உள்ள லங்காதிலக்க விகாரையின் பாறையில் சிங்களத்தோடு தமிழிலும் கல்வெட்டு உண்டு. அதற்கு வயல் வரம்பு வழியாக நடந்துபோகலாம் என்று கிளம்பி, பாதி வழியில் மழையும் அட்டைகளும் பிடித்துக்கொண்டதால் திரும்பிவிட்டோம். அப்பாவின் காலில் மூன்று, என் காலில் ஏழு. கடைக்காரப் பெண் உப்பும் பழைய துணியும் தந்து, காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒரு சீப்பு ஆனைவாழைப்பழத்தை 350 ரூபாவுக்கு எங்கள் தலையில் கட்டினார்.

"அறநூத்தி எம்பது வருசமாச்சி, மேசன் பேரு இன்னும் இருக்கு" என்று அப்பா பேருந்தில் இரண்டு தடவை சொன்னார்.

30 ஒக்டோபர், புதன்கிழமை – ஹட்டனுக்கு அப்பால்

பேராதனைச் சந்தியில் புகையிரதம் ஒரு மணி ஐம்பது நிமிடம் தாமதம். தீபாவளிக்கு முதல் நாள் என்பதால் கொழும்பிலிருந்து ஊர் திரும்பும் பிள்ளைகள் எல்லாரும் அதில்தான் இருந்தார்கள். பைக்குள்ளிருந்து பட்டாசுப் பெட்டிகள் எட்டிப் பார்த்தன. நாவலப்பிட்டி வரை நின்றே வந்தோம். அப்பாவின் கறுப்புக் கண்ணாடியைப் பார்த்துப் பார்வையற்றவர் என்று நினைத்துவிட்ட வெளிநாட்டு இளைஞன் ஒருவன், அவர் கையைப் பிடித்து யன்னலோர இருக்கையில் அமர்த்தினான். அப்பா மறுக்கவில்லை. அவன் இறங்கும்வரை யன்னல் பக்கம் திரும்பிக் காட்சியைப் பார்க்காமலும் இருந்துகொண்டார். உளுந்து வடை மூன்று 200 ரூபா, யாரோ ஒரு மாணவனின் பரீட்சைத் தாளில் சுற்றியது.

ஹட்டனில் இறங்கியபோது குளிர், மூடுபனி, மாலை ஐந்து மணிக்கே விளக்கு. தோட்டத்துக்கு வந்து சேர ஏழு மணி.

எங்கள் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் தொடர் வீட்டில், இருபது காம்பராக்கள் (அறைகள்), முதுகோடு முதுகு ஒட்டி, பக்கத்துக்குப் பத்து. ஒவ்வொன்றும் பத்துக்குப் பன்னிரண்டு அடி; முன்னால் ஆறடி இஸ்தோப்பு. நான் பிறந்து பதினெட்டு வயது வரை வளர்ந்த இடத்தின் அளவு எனக்கு எந்த வரைபடத்தையும் விட நன்றாகத் தெரியும். பின்சுவர் பக்கத்து வீட்டுக்காரரின் பின்சுவர். அதில் யன்னல் இருக்க வழியில்லை. இஸ்தோப்பைத் தகரத்தால் அடைத்துச் சமையலறை ஆக்கியவர் உண்டு, மகனுக்குக் கல்யாணமானதும் அறை ஆக்கியவரும் உண்டு. வட்டப்புளுவையில் இடம் போதுமாக இருந்தும் இன்னும் வசதிக்காகக் கூட்டிக்கொண்டார்கள். இங்கே கூட்டிக்கொள்ளாமல் முதலிரவுக்கும் இடமில்லை. மண் ஒன்றுதான், மழை ஒன்றுதான், இரண்டும் மலைச் சரிவுதான்.

பக்கத்துத் தோட்டத்தில் புதிய வீடுகள் வந்திருக்கின்றன. ஏழு பேர்ச் காணியில் 550 சதுர அடி, இரண்டு அறை, உள்ளேயே கழிப்பறை. லயத்தோடு ஒப்பிட்டால் அது வேறு உலகம்தான், அதைக் குறைத்துப் பேச எனக்கு வாய் வராது. எங்கள் பெயரும் பட்டியலில் இருக்கிறது. எல்லாருக்கும் ஒரே படம்.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, முறுக்குப் பிழிந்துகொண்டிருந்த அம்மாவிடம், "புது வீட்டுல ஒங்களுக்கு என்னென்ன வேணும்?" என்று கொப்பியும் பென்சிலுமாக உட்கார்ந்து கேட்டேன். முதலில் சிரித்தார். "குடுக்குறதக் கட்டிக் குடுக்கட்டும், எங்ககிட்ட என்னா கேள்வி" என்றார். அப்பா, "கேக்குறாள்ல, சொல்லேன். கண்டியில கேட்டுத்தான் கட்டுனாங்களாம்" என்றார். அம்மா அடுத்த முறுக்கைச் சுற்றி முடிக்கும்வரை பதில் வரவில்லை.

பிறகு வந்தது நின்றபாடில்லை. அடுப்படியில் இருந்தபடியே வாசலில் யார் வருகிறார்கள் என்று தெரிய வேண்டும். விறகு நனையக் கூடாது. காஸ் வந்தாலும் வெந்நீருக்கு விறகுதான். சாமிப் படத்துக்கு நேரே கழிப்பறைக் கதவு வேண்டாம். மகள் கொழும்பிலிருந்து வந்தால் கால் நீட்டிப் படுக்க வேண்டும். மழையில் மலையிலிருந்து வந்ததும் மழைக்குக் கட்டும் ஈரப் படங்கை அவிழ்த்து மாட்ட, கூடையைக் கவிழ்த்து வைக்க, வாசலுக்கு வெளியே, ஆனால் கூரைக்குள்ளே ஓர் இடம் வேண்டும். முப்பது வருடமாக அந்த ஈரம் வீட்டுக்குள் வந்து, சுவரில் ஏறி, பிள்ளைகளின் நெஞ்சில் ஏறியது என்றார். நான் எழுத எழுத அவர் சொல்லிக்கொண்டே போனார். எண்ணெய் கருகியதைக் கூடக் கவனிக்கவில்லை.

விளக்கை அணைத்த பிறகும் மழை தகரத்தில் தட்டிக்கொண்டிருந்தது. மேல் லயத்தில் யாரோ பொறுக்கமாட்டாமல் ஒரு சரவெடியைக் கொளுத்தினார்கள்.

"படங்கு மாட்டுறத எழுதிக்கிட்டியா?" என்று இருட்டில் அம்மாவின் குரல் கேட்டது.

எழுதியிருந்தேன். ஆணி எந்த உயரத்தில் வேண்டும் என்று கேட்க மறந்திருந்தேன். அதைச் சொன்னதும், அப்பா எழுந்து விளக்கைப் போட்டு, ட்ரங்குப் பெட்டிக்குள் தன் பழைய அளவு நாடாவைத் தேடத் தொடங்கினார்.